வீட்டில் செய்த முன்விரியலாக்கிக்கு மூன்று படி நயம் சேர்த்தல்

எங்கள் வீட்டு முன்விரியலாக்கியில், அதாவது ஒலிச் சைகையை வலு விரியலாக்கிக்கு அனுப்புமுன் பெருக்கும் கருவியில், மூன்று கருவிகள் தொடுக்கப்பட்டிருக்கின்றன. இறுவட்டு இயக்கி முழு வீச்சில் 2 வோல்ற் தருகிறது. கைப்பேசி அரை வோல்ற்றளவில் நின்றுவிடுகிறது. கசற் கருவி அதிலும் குறைவு. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட அந்தக் காலத்தில், கை மாறிக் கை மாறிப் படிக்குப் படி எடுக்கப்பட்ட திருவிழாக் கசற்றுகளைப் போட்டால் 0.2 வோல்ற்றைத் தாண்டுவதே அரிது. தவிலும் நாதஸ்வரமும் நிறைந்த அந்தக் கசற்றுகள் வேறெங்கும் கிடைக்கமாட்டா என்பதால் அவற்றைக் கேட்பதற்காகவே நான் இந்தக் கருவியைத் திருத்த முற்பட்டேன்.

இத்தனை வேறுபாட்டையும் ஒலியளவுக் குமிழ் ஒன்றாலேயே சமாளிக்கலாம் என்று முதலில் தோன்றும். கணக்குப் பார்த்தால் அது சரிவராது என்பது விளங்கும். 8 ஓம் ஒலிபெருக்கியில் 50 வாற்று எழுவதற்கு 20 வோல்ற் வேண்டும். வலு விரியலாக்கியின் நயம், அதாவது அது பெருக்கும் மடங்கு, 21 என்றால் அதற்கு 1 வோல்ற்றுக்கும் சற்றுக் குறைந்த பெய்ப்பே (உள்ளே வரும் சைகையே) போதும். கசற்றுக்காக முன்விரியலாக்கியைப் பத்து மடங்கு பெருக்கும்படி செய்துவிட்டு அதே கருவியில் இறுவட்டைப் போட்டால், தேவைக்கு இருபது மடங்கு அதிகமான ஒலி குமிழுக்குப் பின்னால் காத்திருக்கும். குமிழை எட்டு மணி, ஒன்பது மணி நிலைக்கு மேல் திருப்ப முடியாது. மடக்கை வகை இரட்டை மாறுந் தடையிகளில் இடப் பக்கமும் வலப் பக்கமும் ஒன்றோடொன்று மிக அதிகமாக ஒவ்வாமற்போவது அந்தத் தொடக்கப் பகுதியிலேதான். நடுவில் நிற்க வேண்டிய நாதஸ்வரம் ஒரு பக்கம் சாய்ந்து ஒலிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இறுவட்டுக்குப் பொருந்த நயத்தைக் குறைத்துவிட்டாலோ, கசற்றுக்குக் குமிழை முழுவதும் திருப்பினாலும் ஒலி போதாது. ஆகவே நயத்தையே ஆளியால் மாற்றக்கூடியதாகச் செய்வதுதான் முறையான தீர்வு.

அடிப்படைச் சுற்று, க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலில் எல்லோரும் படிக்கும் நேர்மாற்றாத விரியலாக்கிதான். செயற்பாட்டு விரியலாக்கி ஐ.சி.யின் பயப்பிலிருந்து (சைகை வெளியேறும் முனையிலிருந்து) அதன் நேர்மாற்றும் பெய்ப்புக்கு ஒரு தடையி வருகிறது. அதைப் பின்னூட்டல் தடையி என்போம். அதே பெய்ப்பிலிருந்து தரைக்கு இன்னொரு தடையி போகிறது; அதைத் தரைத் தடையி என்போம். பின்னூட்டல் தடையியைத் தரைத் தடையியால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் நயம் கிடைக்கும். இரண்டில் எதை மாற்றினாலும் நயம் மாறும் என்பது கணக்கு. ஆளியை எங்கே வைப்பது என்ற கேள்விக்குக் கணக்கு மட்டும் விடை சொல்லாது.

பல ஆண்டுகளுக்கு முன் இதை முதன்முறை செய்தபோது நான் ஆளியைப் பின்னூட்டல் தடையியின் பக்கம் வைத்தேன். மூன்று பின்னூட்டல் தடையிகள், அவற்றில் ஒன்றைத் தெரிவு செய்ய ஒரு சுழல் ஆளி. வரைபடத்தில் அழகாகவே இருந்தது. ஆனால் சாதாரண ஆளி ஒரு தொடுகையை விட்ட பின்பே அடுத்த தொடுகையைத் தொடும். அந்த இடைவெளி ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குதான் என்றாலும், அந்த நேரத்தில் பின்னூட்டல் முற்றாக அறுந்து, ஐ.சி. தன் திறந்த தட நயம் (பின்னூட்டல் இல்லாதபோதுள்ள நயம்) முழுவதோடும் நிற்கிறது. இலட்சம் மடங்கு அளவிலான அந்த நயத்துக்கு மில்லிவோல்ற்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பயப்பு வழங்கல் வோல்ற்றளவின் ஓரத்துக்குப் பாய்ந்துவிடும். ஆளியைத் திருப்பிய கணத்தில் வீடே அதிரும்படி ஓர் இடி கேட்டது. எட்டு அங்குல ஒலிபெருக்கி ஒன்றின் குரற்சுருள் இறுகி, அதன் பிறகு அது கரகரத்தபடியே இருந்தது. தடையிகளிலோ ஐ.சி.யிலோ பிழையிருக்கவில்லை. ஆளி இருந்த இடம்தான் பிழை.

தரைத் தடையியின் பக்கம் ஆளியை வைத்தால் நிலைமை நேர் எதிராகிறது. அங்கே தொடுகை விடுபட்டால் நயம் குறைகிறது. ஆளி இரண்டு நிலைகளுக்கு இடையில் நின்றாலும், கடற்காற்றால் தொடுகை கறுத்துப் பிடிக்காமற்போனாலும், கம்பி ஒன்று அறுந்தாலும், ஒலி தணியுமே தவிர எகிறாது. இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத விதி இது ஒன்றுதான். பெறுமானங்களை உங்கள் கையிலுள்ளதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆளியின் இடத்தை மாற்ற வேண்டாம்.

இனிப் பெறுமானங்கள். பின்னூட்டல் தடையி 4.7 கிலோ ஓம். நிரந்தரத் தரைத் தடையியும் 4.7 கிலோ ஓம். அது ஆளியோடு சேராமல் எப்போதும் சுற்றிலேயே இருக்கும். இந்த இரண்டோடு மட்டும் நயம் 2, அதாவது 6 டெசிபெல். இது இறுவட்டுக்கு. இரண்டாம் படிக்கு நிரந்தரத் தடையியோடு சமாந்தரமாக 2.35 கிலோ ஓம் சேர வேண்டும். அந்தப் பெறுமானத்தில் தடையி தேடி அலையத் தேவையில்லை, இரண்டு 4.7 கிலோ ஓம் தடையிகளைச் சமாந்தரமாகப் பற்றாசு வைத்தால் அதுவே 2.35. தரைப் பக்கத்து மொத்தத் தடை அப்போது 1.567 கிலோ ஓமாகி நயம் 4, அதாவது 12 டெசிபெல் ஆகும். கைப்பேசிக்கு இது போதும். மூன்றாம் படிக்கு 560 ஓமையும் 27 ஓமையும் தொடராக இணைத்து 587 ஓமாக்கிச் சமாந்தரமாகச் சேர்த்தால், மொத்தம் 522 ஓமளவுக்கு இறங்கி நயம் 10, அதாவது 20 டெசிபெல் கிடைக்கும். 27 ஓம் கிடைக்காவிட்டால் 560 ஓமை மட்டும் வைக்கலாம், நயம் 10.4 ஆகும், காது அந்த வேறுபாட்டை உணராது.

காது உணரக்கூடியது இடமும் வலமும் ஒவ்வாமைதான். ஆகவே ஒரு வீதத் துல்லியமுள்ள உலோகப் படலத் தடையிகளையே வாங்குங்கள், 4.7 கிலோ ஓமுக்கு ஐந்து வளையங்கள் மஞ்சள், ஊதா, கறுப்பு, கபிலம், கபிலம் என்ற ஒழுங்கில் இருக்கும். இருபது தடையிகளாக வாங்கி, மல்ரிமீற்றரில் ஒவ்வொன்றையும் அளந்து, ஒத்தவற்றைச் சோடி சேர்த்து ஒன்றை இடத்துக்கும் மற்றதை வலத்துக்கும் ஒதுக்கினால், பெரிய செலவில்லாமல் இரு பக்கமும் நன்றாக ஒத்துவிடும்.

ஏற்கெனவே கட்டியிருக்கும் கருவியில் பின்னூட்டல் தடையி 47 கிலோ ஓமாகவும் தரைத் தடையி 4.7 கிலோ ஓமாகவும் இருந்து நயம் 11 என்று நிலைத்திருப்பது வழக்கம். தரைத் தடையியை மட்டும் மாற்றி ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பின்னூட்டல் தடையியையும் 4.7 கிலோ ஓமுக்கு இறக்குங்கள். தடை கூடினால் அதன் வெப்ப இரைச்சலும் கூடும், என்.ஈ. 5532 போன்ற குறைந்த இரைச்சலுள்ள ஐ.சி.யைப் போட்டுவிட்டு அதைச் சுற்றிப் பெரிய தடையிகளை வைப்பது பயனற்றது. என்.ஈ. 5532 நயம் ஒன்றிலும் அலையாமல் நிலைத்து நிற்கக்கூடியது என்பதால் இந்த வேலைக்குப் பொருத்தம். ஒற்றை ஐ.சி.யான 5534 அப்படியன்று. நயம் 3க்குக் கீழே போனால் அதற்குப் புறக் கொள்ளளவி ஒன்று வேண்டும். ரி.எல். 072 கையிலிருந்தால் அதுவும் வேலை செய்யும், கசற் இரைச்சலுக்கு முன்னால் அதன் இரைச்சல் பெரிதாகத் தெரியாது.

தரைப் பக்கத்துக் கொள்ளளவியில்தான் பலர் தவறுகிறார்கள், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். என்.ஈ. 5532இன் பெய்ப்பு, 200 நனோ அம்பியரளவு மின்னோட்டத்தை எடுக்கும். பெய்ப்பிலிருந்து தரைக்கு 100 கிலோ ஓம் இருந்தால் அங்கே 20 மில்லிவோல்ற் நேரோட்ட அழுத்தம் நிற்கும். தரைத் தடையிகள் நேரடியாகத் தரையில் முடிந்தால் இந்த 20 மில்லிவோல்ற்றும் இசையோடு சேர்ந்து பெருகும்: நயம் 2இல் பயப்பு 40 மில்லிவோல்ற், நயம் 10இல் 200 மில்லிவோல்ற். ஆளியைத் தட்டும்போது இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தாவல்தான் "டொக்" என்று கேட்கிறது. தரைத் தடையிகள் எல்லாவற்றையும் ஒரே கணுவில் (இணைப்புப் புள்ளியில்) சேர்த்து, அந்தக் கணுவை ஒரு கொள்ளளவி ஊடாகத் தரைக்குக் கொண்டுபோனால், நேரோட்டத்துக்கு நயம் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். எந்தப் படியிலும் பயப்பில் அதே 20 மில்லிவோல்ற்தான் நிற்கும். நிரந்தரத் தடையி எப்போதும் சுற்றில் இருப்பதால் கொள்ளளவியும் தன் அழுத்தத்திலேயே ஏறி நிற்கும். ஆளியின் இரு முனையிலும் முன்னரே ஒரே நேரோட்ட அழுத்தம் இருப்பதால், அது மூடும்போது பாய்வதற்கு எதுவும் இருப்பதில்லை. ஒவ்வொரு தடையிக்கும் தனித்தனிக் கொள்ளளவி வைக்கும் வரைபடங்களைக் கண்டால் தவிர்த்துவிடுங்கள். தொங்கி நிற்கும் கொள்ளளவி, ஆளி மூடும் கணத்தில் ஏறுவதால் சத்தம் எழும்.

அந்தக் கொள்ளளவியின் அளவு மிகக் குறைந்த தடையைக் கொண்டு தீர்மானிக்கப்பட வேண்டும். நண்பர் ஒருவர் பழைய சுற்றிலிருந்த 4.7 மைக்ரோ பரட் கொள்ளளவியை அப்படியே விட்டு ஆளியை மட்டும் சேர்த்திருந்தார். இறுவட்டு நன்றாகக் கேட்டது. கசற்றுக்கு 20 டெசிபெல் படிக்குப் போனதும் தவிலின் வலந்தலை துலங்கி, அடித்தொனி தரும் தொப்பிப் பக்கம் மெலிந்துபோனது. கசற் பழசு என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். பழைய 4.7 கிலோ ஓமோடு அந்தக் கொள்ளளவியின் வெட்டு மீடிறன், அதாவது அதற்குக் கீழே ஒலி தணியத் தொடங்கும் எல்லை, 7 ஹேர்ட்ஸ். 522 ஓமோடு அதுவே 65 ஹேர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. நயம் கூடக் கூட அடித்தொனி வெட்டுப்படுகிறது என்பதைக் காகிதத்தில் கணக்கிட்ட பின்புதான் கண்டோம். 220 மைக்ரோ பரட் வையுங்கள். 522 ஓமோடும் வெட்டு மீடிறன் 1.4 ஹேர்ட்ஸில் நிற்கும், தொப்பியின் நாதம் குறையாது. அதன் குறுக்கே மில்லிவோல்ற்றுகளே இருப்பதால் 16 வோல்ற் மின்பகுப்புக் கொள்ளளவி தாராளம். முனைவற்ற வகை கிடைத்தால் இன்னும் நன்று.

பெய்ப்புப் பக்கத்தில், ஒலியளவுக் குமிழிலிருந்து 1 மைக்ரோ பரட் படலக் கொள்ளளவி ஊடாக நேர்மாற்றாப் பெய்ப்புக்கு வந்து, அங்கிருந்து 100 கிலோ ஓம் தரைக்குப் போகட்டும். குமிழ் இந்த விரியலாக்கிக்கு முன்னால் இருப்பது முக்கியம், ஏனெனில் ±12 வோல்ற் வழங்கலில் ஐ.சி. 7 வோல்ற்றளவே தரும். முன்னால் குமிழ் இல்லாவிட்டால் 20 டெசிபெல் படியில் 0.7 வோல்ற்றுக்கு மேற்பட்ட எதுவும் தலை வெட்டுப்படும். பயப்பில் 100 ஓமும் அதன்பின் 10 மைக்ரோ பரட்டும் தொடராக வந்து, கடைசியில் 47 கிலோ ஓம் தரைக்கு இருக்கட்டும்.

ஆளிக்கு, நடுவில் அணையும் மூன்று நிலை நெம்பு ஆளியைத் தெரிந்தெடுங்கள். இரு முனைவு வகையில் ஆறு கால்கள் இருக்கும். ஒரு வரிசை இடத்துக்கும் மற்றது வலத்துக்கும். நடுவில் நெம்பு நின்றால் எதுவும் தொடாது, ஆகவே 6 டெசிபெல். ஒரு பக்கம் 12, மறு பக்கம் 20. படிகளின் ஒழுங்கு முகப்பில் நேராக வராது என்பது குறைபோலத் தெரிந்தாலும், 12இலிருந்து 20க்குப் போகும்போது நெம்பு கட்டாயம் மிகக் குறைந்த நயத்தைத் தாண்டியே போகிறது என்பதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். நெம்பு மேலே இருக்கும்போது நடுக்கால் பெரும்பாலும் கீழ்க்காலைத் தொடும். பற்றாசு வைக்குமுன் மல்ரிமீற்றரால் பார்த்துக்கொள்ளுங்கள். கடலும் களப்பும் சூழ்ந்த எங்கள் ஊரில் வெள்ளித் தொடுகைகள் விரைவில் கறுக்கும். இத்தனை சிறிய மின்னோட்டம் அந்தக் கறையைத் துளைத்துப் போகாது. பொன் பூசிய தொடுகையுள்ள ஆளி கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

கம்பி இணைக்கும் முறையில் கவனம் வேண்டும். தடையிகள் மூன்றும் ஐ.சி.யின் 2ஆம் காலுக்கு அருகே, சுற்றுப்பலகையிலேயே இருக்க வேண்டும். வலப் பக்கத்துக்கு அது 6ஆம் கால். நிரந்தரத் தடையியின் மறுமுனை நேரே கொள்ளளவிக் கணுவுக்குப் போகும். மற்ற இரண்டின் மறுமுனைகளிலிருந்து இரு கம்பிகள் ஆளியின் மேற்காலுக்கும் கீழ்க்காலுக்கும் போகும். நடுக்காலிலிருந்து ஒரு கம்பி திரும்பிக் கொள்ளளவிக் கணுவுக்கு வரும். தடையிகளை ஆளியில் பற்றாசு வைத்துவிட்டு 2ஆம் காலிலிருந்து நீண்ட கம்பி இழுத்தால், அந்தக் கால் ஓர் அன்ரெனாவாகி 50 ஹேர்ட்ஸ் முரலையும் அருகிலுள்ள வானொலியையும் பிடித்துக்கொள்ளும். சில வேளை ஐ.சி. தானே அலையவும் தொடங்கும். கம்பிகள் ஆறங்குலத்துக்கு மேற்படாமல், நிலைமாற்றிக்கு விலகிப் போகட்டும். பின்னூட்டல் தடையியின் குறுக்கே 47 பிக்கோ பரட் ஒன்றை வையுங்கள். அது 700 கிலோ ஹேர்ட்ஸளவில் நயத்தை இறக்கிச் சுற்றை அமைதிப்படுத்தும். 8ஆம் காலிலிருந்தும் 4ஆம் காலிலிருந்தும் தரைக்கு 100 நனோ பரட் ஒவ்வொன்று, ஐ.சி.யை ஒட்டினாற்போல இருக்க வேண்டும்.

மின்வழங்கல் ஏற்கெனவே இருக்கும் என்பதால் அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 12-0-12 வோல்ற் நிலைமாற்றியும், வோல்ற்றளவை நிலைநிறுத்தும் 7812, 7912 ஒழுங்காக்கிகளும் போதும். 7912இன் கால் ஒழுங்கு 7812இனதைப் போன்றதன்று. அதன் முதற்கால் தரை, நடுக்கால் பெய்ப்பு, உலோக முதுகும் பெய்ப்போடு தொடுத்தது. இரண்டையும் ஒரே அலுமினியத் தகட்டில் காப்புத் தாளில்லாமல் பூட்டினால் குறுஞ்சுற்று ஏற்படும். பெட்டியைத் திறக்குமுன் 230 வோல்ற் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பெரிய கொள்ளளவிகள் இறங்கும்வரை சில நிமிடங்கள் பொறுங்கள்.

வலு விரியலாக்கியோடு இணைக்குமுன் தனியே சோதியுங்கள். ஐ.சி.யின் 1ஆம் காலையும் 7ஆம் காலையும் நேரோட்ட வீச்சில் அளந்தால் ஏறத்தாழ 20 மில்லிவோல்ற் எதிராக இருக்கும்; ஆளியின் மூன்று நிலையிலும் அந்த வாசிப்பு அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் கொள்ளளவி ஒழுக்குள்ளதாக இருக்கிறது, அல்லது தடையி ஒன்று கணுவைத் தவிர்த்து நேரே தரையைத் தொடுகிறது. அடுத்து, கைப்பேசியில் தொனி எழுப்பும் செயலி ஒன்றைக் கொண்டு 100 ஹேர்ட்ஸ் தொனியை எழுப்பி, குமிழை முழுவதும் திருப்பி, நேர்மாற்றாப் பெய்ப்பில் 0.5 வோல்ற் வரும்படி கைப்பேசியின் ஒலியளவைச் சரிசெய்யுங்கள். பயப்பில் நடுநிலைக்கு 1 வோல்ற், அடுத்ததற்கு 2, மூன்றாவதுக்கு 5 வோல்ற் வாசிக்க வேண்டும். மலிவான மல்ரிமீற்றர்கள் சிலவற்றில் ஆடலோட்டத்துக்கு 200 வோல்ற் வீச்சே மிகச் சிறியது. அவை இங்கே உதவமாட்டா, 2 வோல்ற், 20 வோல்ற் வீச்சுள்ள ஒன்றை இரவல் வாங்கியாவது அளக்க வேண்டும். உயர் மீடிறன்களில் பல மீற்றர்கள் குறைத்து வாசிக்கும் என்பதாலேயே 100 ஹேர்ட்ஸைச் சொன்னேன். இடமும் வலமும் நூற்றில் இரண்டுக்கு மேல் வேறுபட்டால் சோடி மாறிப்போன தடையியைத் தேடுங்கள்.

பிறகு, இழந்தாலும் வருந்தாத சிறிய ஒலிபெருக்கி ஒன்றை மாட்டி, குமிழைப் பூச்சியத்தில் வைத்து, இசை எதுவும் இல்லாமல் நெம்பை மேலும் கீழும் பத்துத் தடவை தட்டுங்கள். காதை அருகே வைத்தால் மட்டும் கேட்கும் மெல்லிய சொடுக்கு இருக்கலாம்; அதைவிடப் பெரிய சத்தம் கேட்டால் நல்ல ஒலிபெருக்கியை இணைக்காமல் கொள்ளளவிக் கணுவின் பற்றாசை மறுபடி பாருங்கள்.

கிராமபோன் இசைத்தட்டை இந்த 20 டெசிபெல் படியில் கேட்க முயல வேண்டாம். காந்த ஊசி 5 மில்லிவோல்ற்றளவே தரும் என்பதோடு, தட்டில் பதிந்த அடித்தொனியையும் மேல்தொனியையும் சமப்படுத்தத் தனிச் சுற்று வேண்டும். அது வேறு வேலை.

முகப்பில் எழுத்து வெட்டும்போது டெசிபெல் எண்ணோடு கருவியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்: நடுவில் 6, இறுவட்டு, ஒரு பக்கம் 12, கைப்பேசி, மறு பக்கம் 20, கசற். எங்கள் வீட்டில் கசற் முடிந்ததும் யார் எழுந்து போனாலும் முதலில் நெம்பை நடுவுக்குக் கொண்டுவந்து, குமிழைக் குறைத்து, அதன் பின்பே இறுவட்டைப் போடுவார்கள். பிள்ளைகளுக்கும் அந்த ஒழுங்கிலேயே பழக்கியிருக்கிறேன்.